எல்லா வேலைக்கும் ஒரே சைக்கிள்: பாகம் தேர்வுக் குறிப்புகள்

2025 மே 4, ஞாயிறு
தருமபுரி

பாகம் பாகமாக வாங்கிப் பூட்டப் போகும் இந்த சைக்கிள் சந்தையிலிருந்து இருபது கிலோ சுமக்க வேண்டும், மாந்தோப்பு மண்பாதையில் ஓட வேண்டும், பென்னாகரம் வழியாக ஒகேனக்கல் இறங்கி ஏறவும் வேண்டும். அப்படியென்றால் ஃப்ரேமுக்கும் முன்னால் முடிவாக வேண்டியது சக்கர அளவு. 26 இஞ்ச் எம்டிபி (மலை சைக்கிள்) அளவுதான் சரி. சின்ன ஊர்க் கடையிலும் டயர், டியூப் தொங்கும்.

ஆனால் கடையில் போய் "இருபத்தாறு" என்று மட்டும் கேட்கக் கூடாது. 26 × 2.0 டயர் உட்காரும் ரிம் விட்டம் 559 மி.மீ.; 26 × 1⅜ என்றால் 590. ஒன்றின் டயர் இன்னொன்றில் உட்காராது. பழைய 28 × 1½ (635), 700சி (622) இரண்டிலும் இதே சிக்கல். டயரின் பக்கவாட்டில் 50-559 (அகலம், ரிம் விட்டம், இரண்டும் மி.மீ.) என்று இருக்கிறதா பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

ஃப்ரேம் ஸ்டீல். பின் சக்கர அச்சு உட்காரும் இடைவெளி 135 மி.மீ., பி.பி. ஷெல் (பெடல் அச்சு சுழலும் குழாய்) 68 மி.மீ. இங்கிலீஷ் வகை மரை, வி பிரேக் (ரிம்மை இரண்டு நீண்ட கையால் பிடிக்கும் பிரேக்) மாட்டும் முளை, கேரியருக்கு மரை போட்ட துளை. இதில் ஒன்று இல்லையென்றாலும் அந்த ஃப்ரேம் வேண்டாம்.

மே 7, புதன்

பின் சக்கரத்தில் சிக்கனம் பார்க்கவே கூடாது. 36 துளை டபுள் வால் (இரட்டைச் சுவர்) ரிம், 14 கேஜ் (2 மி.மீ.) ஸ்டெயின்லெஸ் ஸ்போக், மூன்று குறுக்கு (ஒவ்வொரு ஸ்போக்கும் வேறு மூன்றைக் குறுக்கே கடக்கும் பின்னல்).

ஸ்போக் பெரும்பாலும் முறிவது ஹப்பில் (சக்கரத்தின் நடுக்குடத்தில்) மாட்டும் வளைவில். இறுக்கம் அதிகமானதால் முறிகிறது என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் இறுக்கம் போதாததுதான் காரணம். தளர்ந்த ஸ்போக், தரைப் பக்கம் வரும்போது தொய்ந்து, மேலே போகும்போது மறுபடி இறுகும். சுற்றுக்கு ஒரு தடவை அந்த வளைவு அசைந்து அசைந்தே முறிந்துபோகும். பின் சக்கரத்தில் செயின் பக்கம் 110 கிலோ அளவுக்கு இழுவிசை இருக்கட்டும். சக்கரம் நடுவில் நிற்க வேண்டியதால் இடது பக்கம் தானாகவே குறைவாகத்தான் வரும். கோட்டம் எடுத்த பிறகு ஸ்போக்குகளை ஜோடி ஜோடியாகக் கையால் அழுத்திப் பிசைந்து, மறுபடி கோட்டம் பார்க்க வேண்டும். இதைச் செய்யாத சக்கரம் சில நாளிலேயே மறுபடி கோட்டமாகும்.

பின் பல்சக்கரத் தொகுதிக்கு மரையில் திருகும் ஃப்ரீவீல் வேண்டாம், பல்சக்கரங்களைச் செருகி மாட்டும் கேசட் ஹப் வாங்குங்கள். ஃப்ரீவீல் ஹப்பில் வலது பேரிங் வெகு உள்ளே இருப்பதால், அச்சு வெளியே தாங்கலில்லாமல் நீண்டிருக்கும். சுமையோடு பள்ளத்தில் விழுந்தால் வளையும். கேசட் ஹப்பில் பேரிங் வெளி ஓரத்துக்கே வந்துவிடும்.

டியூபில் கார் டயரில் இருக்கும் வகை வால்வு: பைக்குக்குக் காற்று அடிக்கும் இடத்திலேயே அடித்துக்கொள்ளலாம். நெருஞ்சி முள்ளைப் பாதுகாப்புப் பட்டை வைத்தே வார்த்த டயர் தடுக்கும். சீமைக் கருவேல முள் நீளமானது, அதையும் துளைத்துவிடும். ஒட்டும் சோல்யூஷன் பையில் இருக்கட்டும். டயருக்குள் தனியாகச் செருகும் பட்டை வேண்டாம், அதன் ஓரமே டியூபை உரசி ஓட்டை போடும்.

மே 11, ஞாயிறு

கியர்: முன்னால் 44/32/22 பல், பின்னால் 8 கியர் கேசட், 11 முதல் 32 பல் வரை (11-32). சுமையோடு மலை ஏறப் போகிறவருக்கு 11-34 மேல் ஆசை வரும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: பெரிய, சிறிய பல்சக்கரங்களின் முன் வித்தியாசம் 22, பின் வித்தியாசம் 23, மொத்தம் 45. நீண்ட கூண்டு டிரெய்லர் (பின்னால் செயினைக் கியர் மாற்றி, அதன் தொய்வையும் இழுத்துப் பிடிக்கும் கருவி) பலவற்றின் கொள்ளளவு, அதாவது அது சமாளிக்கும் மொத்த வித்தியாசம், 43 பல். 11-32 என்றால் சரியாக 43, செயின் தொங்காது.

முன் 22, பின் 32 பல்லில் பெடல் ஒரு சுற்றுக்கு சைக்கிள் 1.4 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 5 கி.மீ. வத்தல்மலைக் கொண்டை ஊசி வளைவுகளில் இந்த வேகம் போதும், முழங்கால் பிழைக்கும்.

மே 14, புதன்

வி பிரேக்குக்கு வி பிரேக் லீவர்தான். பழைய காலிப்பர் பிரேக்கின் லீவர் கேபிளைக் குறைவாக இழுக்கும். பிரேக் கட்டை ரிம்மைத் தொடுமுன்பே லீவர் ஹேண்டில்பாரில் முட்டிவிடும்.

கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் லாரி ஓடும் சாலைத் தூசி பிரேக் கட்டையில் புதைந்து ரிம்மை அரம்போல அராவும். மாதம் ஒரு தடவை கட்டையைக் கழற்றி மணலை ஊசியால் கெல்லி எடுங்கள். ரிம் பக்கவாட்டில் ஸ்கேலை வைத்துப் பாருங்கள்; குழிந்திருந்தால் மாற்றியே ஆக வேண்டும், காற்றழுத்தத்தில் பக்கச் சுவர் பிளக்கும்.

மே 18, ஞாயிறு

பூட்டும்போது கவனிக்க வேண்டியது மரை. பி.பி. வலது கப்பும் இடது பெடலும் இடமரை. எதிர்ப் பக்கம் திருகினால்தான் இறுகும். எல்லா மரைக்கும் கிரீஸ்.

செயின் நீளம்: டிரெய்லர் வழியாகப் போகாமல் முன்னாலும் பின்னாலும் உள்ள பெரிய பல்சக்கரம் இரண்டின் மேலும் சுற்றி, அதோடு இரண்டு கண்ணி கூட்டி வெட்ட வேண்டும்.

கிராங்க் (பெடல் மாட்டும் கை) போல்ட்டை 35-40 நியூட்டன் மீட்டர் இறுக்குங்கள். முதல் 100 கி.மீ. ஓடியதும் மறுபடி சோதியுங்கள். தளர்ந்த கிராங்கோடு மிதித்தால் அலுமினியக் கையின் சதுர ஓட்டை உருண்டுபோகும். அதற்கப்புறம் எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது, கையையே மாற்ற வேண்டியதுதான்.