கே விழாத தாள்: 1960 ஏழாவது ஆட்டம்

ஒருவழியாகக் கணக்கு டேலி ஆகிவிட்டது. நியூயார்க் யாங்கீஸ் பக்கம் 42, பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் பக்கம் 35. அமெரிக்க பேஸ்பாலின் இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸின் 1960 ஏழாவது ஆட்டத்தை முழுக்கப் பென்சிலில் தாளில் ஏற்றும் வேலை இழுத்துக்கொண்டே இருந்தது. நேற்று ராத்திரி கூட்டிப் பார்த்தால் இரண்டு பக்கமும் ஒன்றுகூட உதைக்கவில்லை. இதை யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும். வீட்டில் கேட்க ஆள் இல்லை, அதனால் உங்களிடம்.

எந்தக் கூட்டல் என்று ஸ்கோர் எழுதுகிறவர்களுக்குத் தெரியும். பேட் பிடிக்க வந்த தலைகள், ரன்னும் மிஞ்சியவர்களும் அவுட்டும் சேர்ந்த தொகைக்குச் சமமாக வர வேண்டும். யாங்கீஸ் 9 ரன், பேஸில் (ரன்னுக்காக வரிசையாகத் தொட வேண்டிய மூலைகளில்) மிஞ்சியவர்கள் 6, அவுட் 27. பைரேட்ஸ் 10 ரன், மிஞ்சியவர் ஒரே ஒருவர், அவுட் 24. கடைசி பேட்ஸ்மேனை வைத்தும் சரிபார்க்கலாம். 42 என்றால் ஒன்பது பேர் வரிசை நான்கு சுற்று முடிந்து ஆறாவது ஆள், பில் ஸ்கவ்ரன். 35 என்றால் மூன்று சுற்று முடிந்து எட்டாவது ஆள். அந்த எட்டாவது ஆள் பில் மசரோஸ்கி. அவர் ஹோம் ரன் அடித்தார், பந்து சுவரைத் தாண்டியது, ஆட்டமும் சீரிஸும் அதோடு முடிந்தது.

மொத்தம் 77 கட்டங்கள். அதில் ஒரு கே கூட இல்லை. கே என்றால் ஸ்ட்ரைக்அவுட், பேட்டர் மூன்று ஸ்ட்ரைக் வாங்கி அவுட் ஆவது. வேர்ல்ட் சீரிஸ் வரலாற்றிலேயே ஒரு ஸ்ட்ரைக்அவுட்டும் இல்லாமல் முடிந்த ஒரே ஆட்டம் இதுதான். படித்துத் தெரிந்துகொள்வது வேறு; தாளைத் தள்ளி வைத்துக்கொண்டு மேலிருந்து கீழே கண்ணை ஓட்டினால் மனசு ஒரு மாதிரி ஆகிறது. இன்றைய ஆட்டம் ஏதாவது ஒன்றை எழுதிப் பாருங்கள், பாதித் தாள் கேயாகவே இருக்கும். 2018-ல் முதல் முறையாக ஒரு முழு சீசனில் ஹிட்டை (அடித்து பேஸை எட்டுவதை) விட ஸ்ட்ரைக்அவுட் அதிகமாகிப் போனது. இந்த ஆட்டத்தில் இடது ஃபீல்டில் நின்ற யோகி பெர்ரா, 1950 சீசன் முழுக்க 597 முறை பேட் பிடித்து ஸ்ட்ரைக்அவுட் ஆனது வெறும் 12 தடவை. அதே வருஷம் 28 ஹோம் ரன் வேறு. நான் மைதானத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களில் அந்த ஜாதி என்றால் டோனி க்வின் ஒருவர்தான். 20 சீசனில் மொத்தம் 434 ஸ்ட்ரைக்அவுட். இப்போதெல்லாம் சில ஆட்கள் மூன்று சீசனிலேயே அதைத் தாண்டிவிடுகிறார்கள், அதற்கும் கோடிக்கணக்கில் ஒப்பந்தம்.

சரி, மூலம் எது என்று கேட்பீர்கள். ஒளிபரப்பின் படப்பிரதிதான். பிங் கிராஸ்பி பைரேட்ஸில் பங்குதாரர். படபடப்பு தாங்காது என்று ஆட்டத்தின்போது பாரிஸுக்குப் போய்விட்டார். ஜெயித்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று டிவி திரையிலிருந்தே 16 மில்லிமீட்டர் ஃபிலிமில் எடுத்து வைக்கச் சொல்லியிருந்தார். அந்த ஐந்து சுருள்களும் 2009 டிசம்பரில் அவர் வீட்டு ஒயின் நிலவறையில் கிடைத்தன. அதுவரை இந்த ஆட்டத்தின் முழு ஒளிபரப்பு தொலைந்தே போனதென்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

படத்தில் வர்ணனை மெல் ஆலனும் பாப் பிரின்ஸும். வானொலிப் பதிவு தனி. அதில் சக் தாம்ப்சனும் ஜாக் க்வின்லனும். வானொலியை மட்டும் நம்பி ஏட்டை எழுதுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: கடைசிப் பந்தை வீசியவர் ஆர்ட் டிட்மார் என்று தாம்ப்சன் சொல்லிவிடுவார். வீசியது ரால்ஃப் டெர்ரி. டிட்மார் அப்போது புல்பென்னில் (மாற்று பிட்சர்கள் தயாராகும் இடம்) கை சூடேற்றிக்கொண்டிருந்தார். போதாததற்கு, பந்து சுவரைத் தாண்டின பரபரப்பில் ஸ்கோரையும் 10-0 என்று சொல்லிவிட்டுத்தான் திருத்துவார். இந்தப் பதிவைப் பிற்காலத்தில் ஒரு பீர் விளம்பரத்தில் போட்டார்கள், டிட்மார் கோர்ட்டுக்கே போனார். பாவம் மனுஷன், அந்த சீரிஸில் அவர் தொடங்கிய இரண்டு ஆட்டத்திலும் தோல்வி, போதாக்குறைக்கு தான் கொடுக்காத ஹோம் ரன்னும் அவர் தலையில். ஆனாலும் தாம்ப்சனை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த இன்னிங்ஸை நேரில் பார்த்துக்கொண்டே பேசியிருந்தால் எனக்கு நாக்கே எழுந்திருக்காது.

இனி தாள் விஷயம். டிஹெச் (பிட்சருக்குப் பதில் பேட் மட்டும் பிடிக்கிற ஆள்) வராத காலம், பந்து வீசும் பிட்சரே பேட் பிடிக்க வேண்டும். அதனால் ஒன்பதாவது வரிசை என்பது பழைய ஆட்டங்களில் எப்போதும் தலைவலி. இந்த ஆட்டத்தில் யாங்கீஸின் ஒன்பதாவது வரிசையில் வந்தவர்கள்: டர்லி, ஸ்டாஃபர்ட், லோபெஸ், ஷான்ஸ், கோட்ஸ், டெர்ரி. ஆறு பெயர்! பைரேட்ஸ் பக்கம் லா, ஃபேஸ், சிமோலி, ஃப்ரெண்ட், ஹாடிக்ஸ் என்று ஐந்து. கடையில் கிடைக்கும் ஸ்கோர் புக்கில் ஒரு வரிசைக்கு மூன்று கோடுதான் தருகிறார்கள். முன்பு வாங்கிக்கொண்டிருந்த கடையில் தாளையும் மெல்லிசாக்கிவிட்டார்கள், ஒரு தடவை ரப்பர் போட்டாலே மறுபக்கம் தெரிகிறது. கட்டத்துக்குள் வைரத்தை (நான்கு பேஸையும் காட்டும் சாய்சதுரம்) முன்னாடியே அச்சடித்துத் தருவதும் எனக்கு ஆகாது. பேஸ் வரைக்கும் போகாதவனுக்கு எதற்கு வைரம்? கடைசியில் நானே கோடு போட்டு, கெட்டித் தாளில் அச்செடுத்து, ஒன்பதாவது வரிசைக்கு மட்டும் உயரத்தை இரட்டிப்பாக்கிக்கொண்டேன். 0.5 மில்லிமீட்டர் பென்சிலில் ஹெச்பி கரி. 2பி போட்டால் உள்ளங்கை கறுத்துவிடும், பேட்டர் கட்டமெல்லாம் பட்டை பட்டையாக ஈஷிக்கொள்ளும். பிட்சர் மாறும்போது இழுக்கும் கோடு மட்டும் சிவப்பு.

ஆனால் என் உயிரை வாங்கியது ஒன்பதாவது வரிசை இல்லை. ஒன்பதாவது இன்னிங்ஸின் மேல்பாதியில் (யாங்கீஸ் பேட் பிடிக்கும் பாதி) ஒரு கட்டம், மேன்டிலின் கட்டம்.

நிலவரம் இது. பைரேட்ஸ் 9-7 முன்னிலை. பாப் ஃப்ரெண்ட் வீச வந்ததும் ரிச்சர்ட்சன் சிங்கிள் (முதல் பேஸை எட்டும் அடி), பிஞ்ச் ஹிட்டராக, அதாவது பதில் பேட்டராக, வந்த டேல் லாங்கும் சிங்கிள். உடனே அவருக்குப் பதில் வீச ஹார்வி ஹாடிக்ஸ். மாரிஸ் ஃபவுலாக உயர்த்தி கேட்சர் கையில் அவுட். மேன்டில் சிங்கிள் அடிக்க, ரிச்சர்ட்சன் வந்துவிட்டார், 9-8. லாங் மூன்றாவது பேஸில். அவருக்குப் பதில் ஓட கில் மெக்டூகல்ட். முதல் பேஸில் மேன்டில், ஒரு அவுட், பேட்டில் பெர்ரா.

பெர்ரா முதல் பேஸ் ஓரமாகத் தரையோடு விரட்டினார். ராக்கி நெல்சன் அதைப் பிடித்துவிட்டார். பிடித்த கையோடு இரண்டாவது பேஸுக்கு எறிந்து, பந்து திரும்பி வந்திருந்தால் 3-6-3 (ஏட்டில் 3 முதல் பேஸ்காரர், 4 இரண்டாவது பேஸ்காரர், 6 இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் நிற்கும் ஷார்ட்ஸ்டாப்), இரண்டு அவுட், ஆட்டம் அங்கேயே முடிந்தது, பைரேட்ஸ் சாம்பியன். நெல்சன் பக்கத்திலேயே இருந்த பையை முதலில் மிதித்தார். பெர்ரா அவுட். மிதித்த அந்த நொடியே மேன்டில் மேல் இருந்த ஃபோர்ஸ், அதாவது பின்னால் பேட்டர் வருவதால் அடுத்த பேஸுக்கு ஓடியே ஆக வேண்டிய கட்டாயம், போய்விட்டது. இனி அவரைக் கையுறையால் தொட்டால்தான் அவுட். மேன்டில் இரண்டாவது பேஸுக்கு ஓடினால் நடுவில் மாட்டியிருப்பார். அவர் ஓடவில்லை. நெல்சன் இரண்டாவது பக்கம் எறியத் திரும்புகிற நேரத்தில், குப்புறப் பாய்ந்து, கையுறையை ஏமாற்றி, வந்த வழியே முதல் பேஸைத் தொட்டுவிட்டார். அதற்குள் மெக்டூகல்ட் ஹோமைக் கடந்தாயிற்று. 9-9.

இதை எப்படி எழுதுவீர்கள்? பெர்ரா கட்டம் சுலபம்: 3, பக்கத்தில் ஒரு யூ (துணையில்லாமல் தானே எடுத்த அவுட்), ரன்னுக்கு ஒரு புள்ளி. மெக்டூகல்ட் கட்டம் அதைவிடச் சுலபம். மேன்டில் கட்டத்தில் என்ன போடுவது? விதிப்படி ஒன்றுமே இல்லை. முதல் பேஸில் இருந்தார், முதல் பேஸிலேயே இருக்கிறார். சிலர் அங்கே ஃபீல்டர்ஸ் சாய்ஸ் (பேட்டரை விட்டுவிட்டு வேறு ஓட்டக்காரரை அவுட்டாக்கப் பார்ப்பது) போட்டிருப்பதைப் பார்த்தேன். அது தப்பு, பேட்டர்தான் அவுட்டாகிவிட்டாரே. ஆக, அந்த ஆட்டத்திலேயே மூளை மின்னல் மாதிரி வேலை செய்த இடம், ஏட்டில் வெறும் வெள்ளைத் தாள்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. முதலில் முதல் பேஸ் மூலையிலிருந்து இரண்டாவதை நோக்கி அரைக்கோடு இழுத்துத் திருப்பினேன். அடுத்தவரான ஸ்கவ்ரன் ஷார்ட்ஸ்டாப்பிடம் அடித்து, மேன்டில் இரண்டாவதில் 6-4 ஃபோர்ஸ் அவுட். அதற்கும் அதே இடத்தில் அரைக்கோடு வேண்டும். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, அடித்து அழித்து, அந்த மூலையில் தாள் பஞ்சு மாதிரி எழும்பிவிட்டது. கெட்டித் தாளாக இல்லாவிட்டால் ஓட்டைதான். இப்போது போட்டிருப்பது முதல் பேஸ் மூலைக்கு வெளிப்பக்கம் ஒரு சின்னக் கொக்கி, நீலப் பென்சிலில், தூண்டில் முள் அளவுக்கு. கீழே ஓரக்குறிப்பு. பார்த்தால் தெரியும், கூட்டலையும் கெடுக்காது. இதைவிட நல்ல வழி யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், ஆனால் விதிப்புத்தகத்தைக் காட்டி ஒன்றும் போட வேண்டாம் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

எல்லோரும் மசரோஸ்கியைப் பேசுகிறார்கள். பேசட்டும், பேச வேண்டியதுதான். ஆனால் மேன்டில் அப்படிப் பாயாமல் இருந்திருந்தால் மசரோஸ்கிக்கு அந்த பேட்டிங்கே கிடைத்திருக்காது. படம் பார்ப்பவர்களும் இதைத் தவறவிடுகிறார்கள், ஏனென்றால் அன்றைக்கு ரீப்ளே கிடையாது. டிவியில் உடனடி ரீப்ளே வந்ததே 1963 கடைசியில். ஒரே ஒரு தடவை நடக்கும், கண்ணை மூடித் திறந்தால் போச்சு. நல்லவேளை நமக்கு நிறுத்திப் பார்க்க வசதி இருக்கிறது.

எட்டாவது இன்னிங்ஸின் கீழ்பாதியிலும் இரண்டு இடங்களில் பென்சில் தயங்கும். விர்டன் அடித்த, டபுள் ப்ளே (ஒரே பந்தில் இரண்டு அவுட்) ஆகியிருக்க வேண்டிய பந்து எதிலோ பட்டு எகிறி, ஷார்ட்ஸ்டாப் டோனி கூபெக்கின் தொண்டையில் அடித்தது. அது ஹிட், பிழை இல்லை. தொண்டையில் வாங்கினவர் மேல் பிழை போட எந்த ஸ்கோரருக்கும் மனசு வராது, விதியும் போடச் சொல்லவில்லை. அப்புறம் கிளமென்ட்டே முதல் பேஸ் பக்கம் உருட்டிவிட்ட பந்து. ஸ்கவ்ரன் எடுத்துவிட்டார், ஆனால் பேஸை மூடப் பிட்சர் கோட்ஸ் வந்து சேரவில்லை. இதுவும் ஹிட். போகாத இடத்துக்குப் பிழை போட முடியாதே. அடுத்த ஆள் ஹால் ஸ்மித், மூன்று ரன் ஹோமர். கிளமென்ட்டே தலை தெறிக்க ஓடாமல் இருந்தால் அந்த ஹோமரே இல்லை. அவர் அந்த சீரிஸின் ஏழு ஆட்டத்திலும் ஹிட் அடித்தார், 1971 சீரிஸிலும் அதையே திரும்பச் செய்தார்.

எனக்கு ஸ்கோர் எழுதக் கற்றுக்கொடுத்தவர் என்னோடு வேலை பார்த்த ஒரு பிட்ஸ்பர்க்காரர். என்னுடையது கிரிக்கெட் ஸ்கோர் புக் எழுதிப் பழகிய கை, அவருக்கு அது பிடிக்கும். மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் ராய் ஃபேஸின் ஃபோர்க்பாலில்தான் ஆரம்பிப்பார், 1959-ல் 18 வெற்றி 1 தோல்வி என்று. ஹாடிக்ஸிடம் வந்ததும் குரல் இறங்கிவிடும். அதே 1959-ல் மில்வாக்கிக்கு எதிராக 12 இன்னிங்ஸ் ஒருவரையும் பேஸில் ஏற விடாமல் வீசிவிட்டு, 13-வதில் தோற்றவர். ஏழாவது ஆட்டத்தில் வெற்றி அந்த ஹாடிக்ஸ் கணக்கில் எழுதப்பட்டது என்பதில் பிட்ஸ்பர்க்காரருக்கு அவ்வளவு திருப்தி. ஆட்டம் நடந்த மைதானமான ஃபோர்ப்ஸ் ஃபீல்டை இடித்துவிட்டாலும் வெளிச்சுவரின் ஒரு பகுதி இன்னும் நிற்கிறது. ஒவ்வொரு அக்டோபர் 13-ம் தேதியும் அங்கே கூடி, பழைய வானொலிப் பதிவை முதலிலிருந்து ஓடவிட்டு, மசரோஸ்கி அடித்த 3.36 மணிக்கே அந்த அடி விழும்படி கேட்கிறார்கள். ஒரு வருஷம் அவர் என்னையும் இழுத்துப் போனார். தாம்ப்சன் டிட்மார் என்று சொன்னதும் சுற்றி இருந்த கிழவர்கள் எல்லாம் ஒரே குரலில் டெர்ரி, டெர்ரி என்று கத்தினார்கள்.

பிட்சர் பத்திகள் இன்னும் பாக்கி. டர்லி கணக்கு வேறு சிக்கல். இரண்டாவது இன்னிங்ஸில் அவர் பேஸில் விட்டுப்போன பர்ஜஸ், லா உருட்டிவிட்ட டபுள் ப்ளேயில் ஹோமில் அவுட். ஆனாலும் பின்னால் வந்த இரண்டு ரன்னில் ஒன்று டர்லி தலையில்தான் விழும். விட்டுப்போன ஆளை இல்லை, எண்ணிக்கையைத்தான் விதி பார்க்கிறது. ஒவ்வொரு யாங்கீஸ் பிட்சர் தலையிலும் விழுந்த ரன்: டர்லி 3, ஸ்டாஃபர்ட் 1, ஷான்ஸ் 3, கோட்ஸ் 2, டெர்ரி 1. கூட்டினால் 10. இதை மையில் ஏற்ற வேண்டியதுதான்.

ஏற்றுவதற்கு முன்னாடியே அடுத்த தாளுக்குக் கோடு போட ஆரம்பித்துவிட்டேன். 1975 வேர்ல்ட் சீரிஸ் ஆறாவது ஆட்டம், ஃபென்வே பார்க், கார்ல்டன் ஃபிஸ்க் 12-வது இன்னிங்ஸில் முடித்து வைத்தது. அகலவாக்கில் 12 பத்தி வேண்டும், அந்த வருஷம் சீரிஸில் டிஹெச்சும் கிடையாது, ஆக ஒன்பதாவது வரிசை மறுபடியும் வீங்கும். லீகல் அளவுத் தாளில் கெட்டியாக, ரப்பர் தாங்குகிற மாதிரி எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.