ஆபத்து என்று சொன்ன பிறகு

சுகர் மாத்திரை வாங்க வந்த அம்மாதான். புத்தகத்தை நீட்டிவிட்டு, "அப்படியே நாலு வாயு மாத்திரையும் குடு கண்ணு" என்றார். நான் நர்சாக இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில், சுகர், பிரஷர் பார்க்கும் தொற்றா நோய்ப் பிரிவில், யாராவது வாயு மாத்திரை கேட்காமல் ஒரு நாளும் போகாது. வழக்கம்போல நானும் கேட்டேன், "நெஞ்சு வலி இருக்குதுங்களா?"

"வலியெல்லாம் ஒண்ணுமில்ல. சோறு தின்னுட்டு நடந்தா வாயு மேல ஏறுது. சித்த நேரம் நின்னா எறங்கிருது."

சொல்லும்போது ஒரு விரலால் இடம் காட்டவில்லை. கையை முஷ்டியாக மூடி நடுநெஞ்சில் வைத்து அழுத்திக் காட்டினார். இதய வலி உள்ளவர்கள் இப்படிக் காட்டுவார்கள், லெவின் அடையாளம் என்று நர்சிங்கில் படித்தது அதுதான். நடந்தால் வருவது, அதுவும் சாப்பிட்டுவிட்டு நடந்தால் வருவது, நின்றால் போய்விடுவது. 1768-ல் லண்டனில் வில்லியம் ஹெபர்டன் என்ற மருத்துவர் இதய வலியைப் பற்றிச் சொன்னதும் ஏறக்குறைய இதே விவரம்தான்.

"முன்னாடி செஞ்சுட்டிருந்து இப்ப விட்டுட்ட வேலை ஏதாச்சும் இருக்குங்களா?" என்று மாற்றிக் கேட்டேன். சோளத்தட்டுக் கட்டு தூக்குவதை விட்டாயிற்று, மருமகள் தூக்குகிறாள். முன்பு பஸ் நிறுத்தம் வரை போனால் வந்த அடைப்பு இப்போது வீட்டுப் பின்பக்கம் கக்கூசுக்குப் போனாலே வருகிறது. வயசாகிறது என்று அவரே காரணமும் வைத்திருந்தார். வேலையைக் குறைத்துக் குறைத்து, நோயை யார் கண்ணிலும் படாமல் வைத்திருந்திருக்கிறார். வலி இருக்கிறதா என்று மட்டும் கேட்டிருந்தால் இல்லை என்றுதான் வந்திருக்கும், மாத்திரையும் கொடுத்திருப்பேன்.

ஈசிஜி சரியாக இருந்தது. படுத்திருக்கும்போது எடுத்தால் சரியாக இருக்கலாம். இதயத்தின் ரத்தக் குழாய் சுமார் 70 சதவீதம் அடைத்திருந்தாலும் ஓய்வில் இருக்கும் இதயத்துக்கு ரத்தம் போதும், உழைக்கும்போதுதான் போதாது. டாக்டர் மாவட்ட மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தார். பைக்கில் கூட்டிவந்த மகன் சீட்டைப் பார்த்துவிட்டு, "ஈசிஜி நல்லாத்தானுங்க இருக்குது? மஞ்சள் வெட்டு நடக்குது, அடுத்த வாரம் போய்க்கிறோம்" என்றார்.

அப்போதுதான் அந்த அம்மா கேட்டார்: "உசுருக்கு ஆபத்தா கண்ணு?"

"ஆமாங்கம்மா. இன்னைக்கே போகோணும்" என்றேன்.

டாக்டர் ஆபத்து என்ற சொல்லைச் சொல்லவில்லை. மகன் காதில் விழ வேண்டும் என்றே சத்தமாகச் சொன்னேன். குறைந்த உழைப்பிலேயே அடைப்பு வர ஆரம்பித்திருந்தது. அது தள்ளிப்போடும் நிலை அல்ல. சுகர் உள்ளவர்களுக்கு நரம்பு பாதித்திருந்தால் வலியே தெரியாமலும் போகலாம். மூச்சு வாங்குவது, வியர்ப்பது, குமட்டல், தாடையிலோ முதுகிலோ ஒரு கனம், காரணமில்லாத அசதி என்றுதான் வரும். 'அடுத்த வாரம்' என்று போன சிலர் ஆம்புலன்சில் திரும்பி வந்ததை நான் பார்த்திருக்கிறேன். மறுநாள் மகனைச் சமாதானப்படுத்தலாம் என்றெல்லாம் யோசிக்க நேரமில்லை.

அன்றே போனார்கள். பரிசோதனை எல்லாம் முடிந்து, மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில், அடைத்த குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் வைத்தார்கள். அது வரைக்கும் எனக்கு மனக்குறை எதுவும் இல்லை.

ஸ்டென்ட் வைத்து வந்தவர் வேறு ஆளாக வந்தார். நடப்பதில்லை. அரைக் குடம் தண்ணீர் தூக்க மாட்டார். எருமையை விற்றுவிட்டார்கள். நூறு நாள் வேலைக்குப் போவதில்லை. எல்லாம் ஆறிவிட்டது, மெதுவாக நடந்தால் இதயத்துக்கு நல்லது என்று டாக்டரும் சொன்னார், நானும் மாதாமாதம் சொல்கிறேன். "நீதான கண்ணு உசுருக்கு ஆபத்துன்ன" என்கிறார். கோபமாக இல்லை, சாதாரணமாகத்தான் சொல்கிறார்.

டாக்டரிடம் இதைச் சொன்னபோது, மகனைத் தனியாக வெளியே அழைத்துச் சொல்லியிருக்கலாமே என்றார். நியாயம்தான். ஆனால் கேட்டது மகன் இல்லை. கேட்டவர் அந்த அம்மா, கேட்டது தன் உயிரைப் பற்றி. அவருக்குப் பொய்யோ மழுப்பலோ சொல்லிவிட்டு மகனிடம் உண்மையைச் சொல்வது எனக்கு ஒப்பவில்லை. வேறொரு நாள், அவர் ஊர்ப் பெண் ஒருவர் இதைக் கேள்விப்பட்டுப் பயந்துபோய், கடன் வாங்கித் தனியாரிடம் எல்லா டெஸ்டும் எடுத்து, ஒன்றுமில்லை என்று வந்து நின்றபோது, டாக்டர் சொன்னதுதான் சரியோ என்றும் தோன்றியது.

2023-ல் இதயம் காப்போம் திட்டம் வந்த பிறகு, மாரடைப்போடு வருபவர்களுக்கு ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், கொழுப்பைக் குறைக்கும் அட்டோர்வாஸ்டாட்டின் மாத்திரைகள் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே வழி இருக்கிறது. தானே நடந்து வந்து வாயு மாத்திரை கேட்பவருக்குக் கொடுக்க என்னிடம் இருப்பது பேச்சு மட்டும்தான். அதை எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று எந்தப் பயிற்சியிலும் சொல்லித் தரவில்லை. குறைத்தால் ஆள் போக மாட்டார். கூட்டினால் போவார், ஆனால் பயம் மனதில் தங்கிவிடுகிறது. அன்று சொன்னதைக் குறைத்திருக்க முடியும் என்று இப்போதும் எனக்குத் தோன்றவில்லை. போய் வந்த பிறகு அந்தப் பயத்தை எடுப்பதும் என் வேலைதானே என்று மட்டும் படுகிறது.

போன முறை வந்தபோது கையைப் பிடித்து வராந்தாவில் கூட்டி நடந்தேன். முதலில் சுவரைப் பிடித்துக்கொண்டார், அப்புறம் விட்டுவிட்டார். நெஞ்சில் அடைப்பு இல்லை, மூச்சும் வாங்கவில்லை. வீட்டிலும் இப்படி நடங்கள் என்றதற்கு, "நீ கூட வந்தா நடக்கறேன்" என்றார். மருமகளிடம் சொல்லியிருக்கிறேன். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அந்தத் தெருவுக்கு மாத்திரை கொண்டுபோகும் பெண்ணிடமும், மாத்திரை தின்றாரா என்பதோடு நடந்தாரா என்றும் கேட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.