இரண்டு மணி நேரமும் ஒரு திருகும்

எங்கள் பிக்கப் வண்டி பழையது. அதை நான்கு சக்கரத்திலும் ஓடவைக்க இரண்டு வேலைகள் செய்ய வேண்டும். உள்ளே கியருக்குப் பக்கத்தில் இருக்கும் குட்டி லிவரைத் தள்ள வேண்டும். பிறகு கீழே இறங்கி, முன் சக்கரங்களின் நடுவில் இருக்கும் ஹப் திருகுகளை 'ஃப்ரீ'யிலிருந்து 'லாக்'குக்குத் திருப்ப வேண்டும். இந்த இரண்டாவது வேலையை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் வைத்துக்கொள்ளவில்லை.

சேற்றுப் பள்ளத்தைப் பார்த்ததும் மச்சான் உற்சாகமாக லிவரைத் தள்ளினார். டாஷ்போர்டில் நான்கு சக்கர விளக்கு எரிந்தது. "இனி மலையும் ஏறும் மாப்பிள்ளை" என்றார். வண்டி பத்தடி போய் உட்கார்ந்துகொண்டது.

பின்பக்கத்து இடது சக்கரம் மட்டும் சுழன்று சேற்றை வாரி இறைத்தது. வலது சக்கரம் எனக்கென்ன என்று நின்றது. என்ஜின் விசையை இரண்டு சக்கரங்களுக்கும் பிரித்துக்கொடுக்கும் சாதாரண டிஃபரென்ஷியலின் சுபாவமே அதுதான். பிடிமானம் இல்லாத சக்கரத்தைத்தான் அது சுழலவிடும். தரையில் கால் ஊன்றியவனை விட்டுவிட்டுத் துள்ளுகிறவனுக்குப் பதவி கொடுக்கும் மேலதிகாரியைப் போல.

டயர் காற்றை 35 பிஎஸ்ஐயிலிருந்து 18க்கு இறக்கினோம். டயர் பரந்து தரையைப் பற்றும் என்பது நல்ல வித்தைதான். திரும்ப அடிக்கும் பம்ப் வீட்டில் இருந்தது. அடுத்து ஜாக். அடியில் பலகை வைக்காததால், வண்டியைத் தூக்க வந்த அது வண்டியை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டுத் தான் மட்டும் பூமிக்குள் இறங்கியது.

இதற்கு நடுவில் என்ஜின் நின்றது. சாவியைத் திருப்பினால் 'டிக்' என்ற சத்தம்கூட இல்லை. எரிபொருள் பம்ப் போய்விட்டது என்றார் மச்சான். கணினிப் பெட்டிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது என்றேன் நான். அந்தப் பழைய வண்டிக்குக் கணினிப் பெட்டியே கிடையாது என்பது பிறகுதான் உறைத்தது. அரை மணி நேரம் வாதாடிய பிறகு பானெட்டைத் திறந்தோம். குலுக்கலில் பேட்டரி கிளாம்ப் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது.

கடைசியில் ஒரு டிராக்டர் வந்தது. பின்னால் டிரெய்லர் மாட்டும் குண்டில் மச்சான் சங்கிலியைச் சுற்றியதும் ஓட்டுநர் பதறிவிட்டார். "அதில் மாட்டாதீர்கள் தம்பி! உடைந்து தெறித்தால் பீரங்கிக் குண்டு மாதிரி பாயும்." அடிச்சட்டத்தில் கொக்கி தேடி வண்டியைச் சுற்றி வந்தவர், முன் சக்கரத்தருகே குனிந்து பார்த்தார்.

"இது சுற்றவே இல்லையே?"

"விளக்கு எரிகிறதே!" என்றார் மச்சான்.

விளக்குக்கு லிவரைத்தான் தெரியும், ஹப்பைத் தெரியாது. அவர் சேற்றைத் துடைத்து இரண்டு திருகுகளையும் திருப்பினார். மொத்தம் பத்து விநாடி. ரிவர்ஸ் போட்டேன். தொட்டிலிலிருந்து எழும் குழந்தைபோல வண்டி ஒருமுறை அசைந்து வெளியே வந்தது. சங்கிலி இறுகவே இல்லை.

18 பிஎஸ்ஐ டயர்களோடு ஊர்ந்தபடி வீடு நோக்கி வந்தோம். நெடுநேரம் யாரும் பேசவில்லை. பாதி வழியில் மச்சான் மெல்லக் கேட்டார்:

"ஜாக்கை எடுத்தோமா?"