புரொப்பெல்லர் பிளேடை இழுக்கும் விசைகள்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து விமானப் பராமரிப்புப் படிப்புக்கும் விமானப்படையின் தொழில்நுட்பப் பிரிவுக்கும் போகிற பிள்ளைகள், புரொப்பெல்லர் காற்றைப் பின்னால் தள்ளுகிறது, விமானம் முன்னால் போகிறது என்று படித்துவிட்டு வேலைக்கு வருகிறார்கள். அது சரிதான். ஆனால் கையில் டார்ச்சைக் கொடுத்து, பிளேடின் முன்விளிம்பை அடியிலிருந்து நுனிவரை நகத்தால் தடவிப் பார்க்கச் சொன்னால், "அரை மில்லிமீட்டர் பள்ளத்துக்கு ஏன் இந்தப் பாடு?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. விமானத்தை இழுக்கும் விசையை மட்டும் படித்தவருக்கு அதன் பதில் புரியாது. பிளேடையே பிய்த்தெறியப் பார்க்கும் விசையைப் படித்தால் புரியும்.

முதலில் பிளேடின் வடிவம். பிளேடு என்பது சுழலும் இறக்கை. அதன் வளைந்த பக்கம் முன்னால் இருக்கும். விமானி உட்கார்ந்திருக்கும் பக்கம் தட்டையாக இருக்கும். தட்டைப் பக்கத்தைத்தான் 'ஃபேஸ்' என்கிறோம். புதிதாக வருபவர்கள் இதை மாற்றிப் புரிந்துகொண்டு, பதிவேட்டில் கீறல் இருக்கும் பக்கத்தைத் தவறாக எழுதிவிடுவது உண்டு.

பிளேடு முறுக்கிக்கொண்டு இருப்பதற்குக் காரணம் வேக வித்தியாசம். செஸ்னா 172 போன்ற பயிற்சி விமானத்தில் சுமார் 193 செ.மீ. விட்டமுள்ள புரொப்பெல்லர் நிமிடத்துக்கு 2,700 சுற்று வரை சுற்றும். அந்த வேகத்தில் மையத்திலிருந்து 30 செ.மீ. தள்ளியுள்ள இடம் நொடிக்கு 85 மீட்டர் போகிறது. நுனியோ 273 மீட்டர் போகிறது. விமானம் முன்னால் நகரும் வேகம் மட்டும் எல்லா இடத்துக்கும் ஒன்றுதான். ஆகவே காற்று வந்து மோதும் திசை ஒவ்வோர் இடத்திலும் மாறுகிறது. ஒரு சுற்றுக்கு 1.45 மீட்டர் முன்னேறும்படி அமைத்த பிளேடில், 30 செ.மீ.யில் கோணம் ஏறத்தாழ 38 பாகை, 72 செ.மீ.யில் 18, நுனியில் 13. இப்படி முறுக்காவிட்டால் ஏதாவது ஓர் இடம் மட்டும் சரியாக வேலை செய்யும். மற்ற இடமெல்லாம் வீணாகக் காற்றைக் கலக்கும்.

நுனி வேகத்துக்கு ஓர் எல்லை உண்டு. 15 பாகை வெப்பத்தில் ஒலியின் வேகம் நொடிக்கு 340 மீட்டர். நுனி அதை நெருங்கினால் அதிர்வலை உண்டாகி, இழுவை (காற்றின் தடை) ஏறி, உந்துவிசை (விமானத்தை முன்னால் கொண்டுபோகும் விசை) சரியும்; இரைச்சலும் காதைப் பிளக்கும். பெரிய புரொப்பெல்லர்கள் மெதுவாகச் சுற்றுவது இதனால்தான். ஏ.டி.ஆர். 72 பயணிகள் விமானத்தின் ஆறு பிளேடு புரொப்பெல்லர் 3.93 மீட்டர் விட்டம். நூறு சதவீதத்தில் நிமிடத்துக்கு 1,200 சுற்றுதான். கணக்குப் போட்டால் நுனி வேகம் 247 மீட்டர் வருகிறது. எஞ்சினுக்குள் டர்பைன் எத்தனையோ மடங்கு வேகமாகச் சுற்றினாலும், இடையிலுள்ள கியர்பாக்ஸ் அதைக் குறைத்துத்தான் கொடுக்கும்.

இனி மைய விலக்கு விசை. நான்கு கிலோ எடையுள்ள ஒரு பிளேடு, எடை மையம் 40 செ.மீ. தூரத்தில், 2,700 சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த பிளேடு தன் அடிப்பகுதியை இழுக்கும் விசை ஏறத்தாழ 13 டன். நான்கு கிலோ உலோகம் 13 டன் எடைக்குச் சமமாக இழுக்கிறது. அந்தச் சின்ன விமானத்தின் முழு எடையே ஒரு டன்னுக்குச் சற்று அதிகம்தான். விசை சுற்று வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால், வேகம் பத்து சதவீதம் கூடினால் இழுப்பு 21 சதவீதம் கூடும். புரொப்பெல்லர் அனுமதித்த வேகத்தைத் தாண்டி ஓடியது தெரிந்தால், எத்தனை சதவீதம், எத்தனை நொடி என்று கையேட்டின் அட்டவணையைப் பார்க்காமல் அடுத்த பறத்தலுக்கு விடமாட்டோம். அளவைப் பொறுத்து வெறும் பார்வைச் சோதனையோடு முடியலாம்; முழுதாகக் கழற்றிச் சோதிக்கவும் வேண்டிவரலாம்.

இதோடு வளைக்கும் விசைகளும் சேர்கின்றன. உந்துவிசை நுனியை முன்பக்கம் வளைக்கப் பார்க்கும். காற்றின் தடை, சுழலும் திசைக்கு எதிராக வளைக்கும். நுனி முன்னால் வளையும்போது பின்பக்கத் தட்டை முகம் இழுபடுகிறது. மைய விலக்கு இழுப்பும் அங்கே இருப்பதால் இரண்டும் கூடிவிடுகின்றன. பிஸ்டன் எஞ்சினாக இருந்தால் ஒவ்வொரு வெடிப்பும் ஓர் உதை. பிளேடு அதற்கேற்ப அதிரும். ஒரு மணி நேரத்தில் இலட்சக்கணக்கான முறை இந்த இழுப்பு ஏறி இறங்குகிறது. உலோகம் களைத்துப்போவது இப்படித்தான்.

அரை மில்லிமீட்டர் பள்ளத்தின் கதை இங்கேதான் வருகிறது. ஷாம்பு பாக்கெட்டின் ஓரத்தில் சின்ன வெட்டு இருந்தால் எளிதில் கிழிகிறது. இல்லாவிட்டால் பல்லால் கடித்தாலும் கிழியாது. பிளேடின் விளிம்பில் கூழாங்கல் உண்டாக்கும் பள்ளமும் அந்த வெட்டு மாதிரிதான். பள்ளத்தின் கூர்மையான அடியில் இழுவிசை பல மடங்காகக் குவியும், அங்கிருந்து விரிசல் புறப்படும். ஆகவே எங்கள் வேலை பள்ளத்தை நிரப்புவது இல்லை. கூர்மையைக் கரைத்து, பள்ளத்தை நீண்ட ஆழமில்லாத சரிவாக மாற்றுவதுதான்.

செய்முறை இதுதான். இடத்தைத் துடைத்து, பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியில் பார்க்க வேண்டும். நுண் அரத்தைப் பிளேடின் நீளவாக்கில் ஓட்ட வேண்டும். குறுக்கே ஒருபோதும் ஓட்டக்கூடாது. குறுக்கே விழும் ஒவ்வோர் அரக்கோடும் புதிய பள்ளம். பள்ளத்தின் அடி தெரியாமல் போனபிறகும் இன்னும் கொஞ்சம் எடுக்க வேண்டும். சரிவின் நீளம் ஆழத்தைப்போல் குறைந்தது பத்து மடங்கு இருக்க வேண்டும் என்பது விளிம்புக்குப் பரவலாகச் சொல்லப்படும் அளவு. தட்டை முகத்தில் இதைவிட நீளமான சரிவு தேவைப்படும். எதுவானாலும் அந்தந்தப் புரொப்பெல்லரின் கையேடு சொல்வதே முடிவு. பிறகு நுண் எமரித்தாளால் அரக்கோடுகளை அழித்து, சாய ஊடுருவல் சோதனை (சாயம் தடவி விரிசலைக் கண்டுபிடிப்பது) செய்து, மிச்சமுள்ள அகலமும் தடிமனும் கையேட்டிலுள்ள குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போகவில்லை என்று அளந்து, பாதுகாப்புப் பூச்சும் பெயின்டும் போட வேண்டும். குறியிடச் சாதாரணப் பென்சிலை எடுக்காதீர்கள். கிராஃபைட்டும் அலுமினியமும் ஈரத்தில் சேர்ந்தால் மின்வேதி அரிப்பு தொடங்கும். நீங்கள் போட்ட கோட்டிலேயே அலுமினியம் அரிபடும்.

வளைந்த பிளேடை ஹேங்கரில் (விமானக் கொட்டகையில்) வைத்து நிமிர்த்தும் ஆசையும் கூடாது. அதற்கு அனுமதி பெற்ற பட்டறை உண்டு. சூடு காட்டுவது எங்கேயும் கூடாது. அலுமினியத்துக்கு வெப்பப் பதனத்தால் வந்த வலு போய்விடும்.

கீறலைவிட ஆபத்தானது துருக்குழி, ஏனென்றால் அது கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வளரும். 1995 ஆகஸ்ட் 21 அன்று அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் விழுந்த எம்ப்ரேயர் 120 விமானம் ஒன்றின் இடது புரொப்பெல்லரில் ஒரு பிளேடு பறக்கும்போதே உடைந்தது. பிளேடின் உள்ளே எடைச் சமநிலைக்காக ஈயக்கம்பளி வைத்து, கார்க் கொண்டு அடைத்திருந்தார்கள். கார்க்கை வெளுக்கப் பயன்பட்ட குளோரின், உள்துளையின் சுவரை அரித்தது. அந்தக் குழியிலிருந்து விரிசல் கிளம்பியது. அந்த பிளேடு ஏற்கெனவே சோதனையில் சந்தேகத்துக்குள்ளாகி, உள்ளே தேய்த்துச் சரிசெய்து திருப்பி அனுப்பப்பட்ட ஒன்று. 2017 ஜூலை 10 அன்று மிசிசிப்பி மாநிலத்தில் அமெரிக்க மரைன் படையின் கே.சி.-130 விமானத்தில் ஒரு பிளேடு கழன்று உடற்பகுதியை ஊடுருவி, 16 பேர் இறந்தனர். 2011இல் நடந்த முழுப் பராமரிப்பின்போது நீக்காமல் விட்ட துருக்குழியே தொடக்கம் என்று விசாரணை சொன்னது. இந்த இரண்டு அறிக்கைகளையும் வேலைக்கு வரும் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதன்பிறகு அரத்தைப் பிடிக்கிற கையே மாறிவிடும்.

கன்னியாகுமரிக்காரர்களுக்கு உப்புக்காற்று என்ன செய்யும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. குளச்சலிலும் சின்னமுட்டத்திலும் ஜன்னல் கம்பி எத்தனை நாள் தாங்கும் என்று வீட்டுக்கு வீடு தெரியும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயலில் நம் மீனவர்கள் காணாமல்போனபோது, கடலோரக் காவல்படையின் டோர்னியர் விமானங்கள் இந்தக் கடல்மேல் தேடின. அந்த மாதிரி வேலையில் விமானம் தாழப் பறக்கும். பிளேடில் உப்பு படியும். இறங்கியதும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைக்க வேண்டும். அதிலும் ஒரு தவறு நடப்பதுண்டு. பிரஷர் வாஷரை நேராக பிளேடின் அடிக்கட்டைக்குப் பிடித்தால், சீல் வழியே உப்புத் தண்ணீர் ஹப்புக்குள் (பிளேடுகள் பொருந்தும் நடுக்கூட்டுக்குள்) போய்விடும். மேலே கழுவுகிறோம் என்று உள்ளே துருவை விதைத்தது போலாகும். பெயின்டின் கீழே கொப்புளம், ஒட்டுப்படத்தின் ஓரம், ஸ்பின்னர் என்ற கூம்பு மூடிக்குள் மறைந்திருக்கும் பகுதி, இந்த மூன்று இடங்களையும் விடாமல் பாருங்கள்.

கிரீஸ் போடுவதிலும் சீலைக் காப்பாற்ற வேண்டும். சில ஹப்புகளில் ஒவ்வொரு பிளேடுக்கும் இரண்டு கிரீஸ் நிப்பிள் (கிரீஸ் செலுத்தும் வாய்) இருக்கும். ஒன்றைக் கழற்றி வைத்துவிட்டு மற்றதில் பம்ப் செய்ய வேண்டும்; பழைய கிரீஸ் எதிர்த்துளை வழியே வெளிவரட்டும். இரண்டையும் மூடிக்கொண்டு அழுத்தினால் சீல் பிதுங்கிவிடும். வேறு சில ஹப்புகளில் சிவப்புச் சாயம் கலந்த எண்ணெய் நிரப்பியிருப்பார்கள். ஹப்பில் விரிசல் விட்டால் சிவப்பாகக் கசியும். அதைக் கண்டால் துடைத்துவிட்டுப் போகக்கூடாது.

எண்ணெய் அழுத்தத்தால் பிளேடின் கோணம் மாறும் புரொப்பெல்லரில் பிளேடைத் திருப்பப் பார்க்கும் இரண்டு விசைகளும் உண்டு. காற்றழுத்தத்தின் மையம் பிளேடின் திருகு அச்சுக்கு முன்னால் இருப்பதால், காற்று கோணத்தைக் கூட்டப் பார்க்கும். பிளேடின் முன்விளிம்பு, பின்விளிம்பு இரண்டிலுமுள்ள நிறை சுழலும் தளத்துக்கு வர முயல்வதால், மைய விலக்கு விசை கோணத்தைக் குறைத்துப் படுக்கவைக்கப் பார்க்கும். சாதாரணப் பறத்தலில் இரண்டாவதே பெரிது. எண்ணெய் அழுத்தம் போனால் பிளேடு எந்தப் பக்கம் ஓடும் என்ற கேள்விக்கு விடை இதிலிருந்துதான் தொடங்கும். ஒற்றை எஞ்சின் சிறு விமானங்கள் பலவற்றில் எண்ணெய் கோணத்தைக் கூட்டும். எண்ணெய் போனால் பிளேடு தானே சிறு கோணத்துக்கு வந்துவிடும். இரட்டை எஞ்சின் விமானங்களில் பெரும்பாலும் தலைகீழ். பிளேடின் அடியில் மாட்டிய எதிரெடைகளும் ஸ்பிரிங்கும் பிளேடைக் காற்றுக்கு நேராக, அதாவது ஃபெதர் நிலைக்குக் கொண்டுபோகும். அதைத் தடுத்து வைத்திருப்பது எண்ணெய்தான்.

ஃபெதர் ஏன் தேவை என்பதை ஆரல்வாய்மொழி கணவாயைக் கடந்து வந்தவர்களுக்குச் சொல்வது எளிது. முப்பந்தல் காற்றாலை காற்றிலிருந்து சக்தியை எடுக்கிறது. எஞ்சின் நின்றுபோன விமானத்தின் புரொப்பெல்லரும் அதையே செய்கிறது. எதிர்க்காற்று அதைச் சுற்றவைக்கும், அந்தச் சக்தி விமானத்தின் வேகத்திலிருந்துதான் பிடுங்கப்படும். ஒரு பக்கம் இத்தனை இழுவை வந்தால் விமானம் அந்தப் பக்கம் திரும்பும். பிளேடைக் காற்றோட்டத்துக்கு இணையாகத் திருப்பினால் சுழற்சியும் நிற்கும், இழுவையும் குறையும். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினை ஃபெதர் செய்தால் உந்துவிசை போய்விடும். 2023 ஜனவரி 15 அன்று நேபாளத்தின் பொக்ராவில் ஏ.டி.ஆர். 72 விழுந்து, அதிலிருந்த 72 பேரும் இறந்தது அப்படித்தான்: இறங்கும் நேரத்தில் ஃபிளாப் (இறக்கையின் மடிப்பு) நெம்புகோலுக்குப் பதிலாக, புரொப்பெல்லரை ஃபெதர் செய்யவும் பயன்படும் இரண்டு எஞ்சின்களின் கண்டிஷன் நெம்புகோல்களும் ஃபெதருக்குத் தள்ளப்பட்டிருந்தன.

தரையில் நிற்கும் விமானத்தைப் பார்த்தே எஞ்சினின் வகையைச் சொல்லிவிடலாம். ஏ.டி.ஆரில் புரொப்பெல்லரைச் சுற்றும் பவர் டர்பைன் தனி அச்சில் இருப்பதால் பிளேடுகள் ஃபெதரில் நிற்கும். டோர்னியர் 228இன் டி.பி.இ.331 எஞ்சினில் எல்லாம் ஒரே அச்சு. ஸ்டார்ட்டர் புரொப்பெல்லரையும் சேர்த்துச் சுற்றியாக வேண்டும். பிளேடு ஃபெதரில் நின்றால் காற்றுத்தடையில் ஸ்டார்ட்டர் திணறும். அதனால் நிறுத்தும்போதே பிளேடுகளைத் தட்டையாக்கி, ஸ்டார்ட் லாக்கில் (அந்தக் கோணத்திலேயே பிடித்துவைக்கும் பூட்டில்) மாட்டவைக்க வேண்டும். மறந்தால் எண்ணெய் அழுத்தம் இறங்க இறங்க அவை ஃபெதருக்குப் போய்விடும். மறுபடி எடுக்குமுன் தனிப் பம்பால் திருப்பிக் கொண்டுவர வேண்டும்.

அதிர்வைப் பற்றிப் புகார் வந்தால் எஞ்சினைப் பிரிக்குமுன் புரொப்பெல்லரின் எடைச் சமநிலையைப் பாருங்கள். முன்சொன்ன 193 செ.மீ. புரொப்பெல்லரின் நுனியில் பத்து கிராம் வித்தியாசம் இருந்தால், 2,700 சுற்றில் அது ஏறத்தாழ 79 கிலோ எடைக்குச் சமமான இழுப்பாகி, ஒரு நொடிக்கு 45 முறை எஞ்சின் மவுன்ட்டை உலுக்கும். ஒரே பிளேடில் அதிகம் அரம் போட்டிருக்கலாம். பெயின்டை ஒரு பக்கம் தடிப்பாக அடித்திருக்கலாம். ஸ்பின்னருக்குள் கிரீஸ் ஒரு பக்கமாகச் சேர்ந்திருக்கலாம். நுனிகள் ஒரே தளத்தில் சுற்றுகின்றனவா என்பதையும் தரையில் ஒரு குறி வைத்து ஒவ்வொரு பிளேடாகத் திருப்பிப் பார்க்கலாம். அதற்குமுன் இக்னிஷன் அணைந்திருக்கிறதா என்று இரண்டு பேர் தனித்தனியாகப் பார்ப்பது நல்லது.

சுற்று வேகத்தைக் காட்டும் டாக்கோமீட்டரையும் சோதியுங்கள். சில எஞ்சின்-புரொப்பெல்லர் இணைகளில் குறிப்பிட்ட சுற்றுகளுக்கிடையே தொடர்ந்து ஓட்டக்கூடாது. அங்கே பிளேடின் இயல்பு அதிர்வும் எஞ்சினின் உதையும் ஒத்துப்போகும். மீட்டர் ஐம்பது சுற்று தவறாகக் காட்டினால், விமானி பச்சைப் பட்டையில் ஓட்டுவதாக நினைத்துக்கொண்டு சிவப்புப் பட்டைக்குள் ஓட்டிக்கொண்டிருப்பார். கீறலில்லாத பிளேடும் அந்த வேகத்தில் விரிசல் விடக்கூடும். ஒளிவழிச் சுற்றுமானியை எதிரே பிடித்து இரண்டையும் ஒப்பிட அதிக நேரம் ஆகாது. ஆண்டுச் சோதனையின்போது அதைச் செய்து, வித்தியாசத்தைப் பதிவேட்டில் எழுதிவையுங்கள்.