தொகையீடு பூஜ்யம் என்று எழுத மறந்தேன்

பிஎச்டி தகுதித் தேர்வு வைவாவில் ஐந்தே நிமிடத்தில் மாட்டிக்கொண்டேன். ஐசோபெரிமெட்ரிக் கணக்கை, அதாவது இவ்வளவு கன அளவை மிகக் குறைந்த பரப்பால் அடைப்பதை, எடுத்துப் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு இது உதவலாம்.

ஸ்டேபிள் ஹைப்பர்சர்ஃபேஸ் என்றால், அதாவது லேசாக அசைத்தாலும் பரப்பு குறையாத மேற்பரப்பு என்றால், சரியான வரையறை என்ன என்று கேட்டார்கள். ஒவ்வொரு புள்ளியையும் எவ்வளவு வெளியே தள்ளுகிறோம் என்பதைச் சொல்லும் ஃபங்ஷன் எஃப். பரப்பின் இரண்டாம் மாறுபாடு (அப்படித் தள்ளும்போது பரப்பின் இரண்டாம் வகைக்கெழு) எந்த எஃப்புக்கும் மைனஸ் ஆகக் கூடாது என்று பலகையில் எழுதினேன். "சரி, ஆரம் 1 உள்ள கோளத்துல எஃப் = 1 போடுங்க" என்றார் ஒருவர். போட்டேன். மைனஸ் 8 பை வந்தது. "அப்போ கோளமே ஸ்டேபிள் இல்லையா?" சாக்பீஸைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

விட்டது ஒரே வரி. உள்ளே இருக்கும் கன அளவு மாறக் கூடாது. எனவே மேற்பரப்பு முழுவதும் எஃப்பின் தொகையீடு (இன்டெக்ரல்) பூஜ்யமாக இருக்க வேண்டும். எஃப் = 1 என்பது கோளத்தை அப்படியே ஊதுவது, அது ஆட்டத்திலேயே இல்லை. இரண்டாம் மாறுபாட்டில் எஃப்பின் ஏற்ற இறக்கம் கூட்டும், கோளத்தின் வளைவு கழிக்கும். எஃப் = 1ஐ விலக்கினால் கூட்டுவது குறைந்தது 2 மடங்கு (லாப்லாசியன் என்ற வகைக்கெழுச் செயலியின் அடுத்த ஐகன்மதிப்பு), வளைவு கழிப்பதும் 2 மடங்கு; மிச்சம் பூஜ்யத்துக்குக் கீழே போகாது. கணக்கு நேராகிவிடும். கோளத்தை நகர்த்தினால் பரப்பு மாறாதே, அதுதான் இந்தப் பூஜ்யம்.

அப்புறம் உருளை, இது எப்போது ஸ்டேபிள் இல்லாமல் போகும் என்பது. வேளச்சேரி அறையில் குழாயை லேசாகத் திறந்து வைத்துப் பார்ப்பேன். நூலாக இறங்கும் தண்ணீர் கீழே துளித்துளியாக உடையும். அந்த நூலும் ஓர் உருளைதான்; உருளையின் நீளம் அதன் சுற்றளவைத் தாண்டினால், நீளவாக்கில் சைன் அலையாக ஒரு எஃப் போட்டாலே இரண்டாம் மாறுபாடு மைனஸ் ஆகிவிடும். அரைப் பக்கக் கணக்கு, கையால் போடுங்கள்.

எங்கும் ஒரே வளைவுள்ள கோளத்துக்கும் ஹைப்பர்போலிக் தளத்துக்கும் (எங்கும் சேணம்போல வளைந்த தளம்) ஒரே வாய்பாடு போதும்: சுற்றளவின் வர்க்கம், 4 பை பெருக்கல் பரப்பிலிருந்து வளைவு பெருக்கல் பரப்பின் வர்க்கத்தைக் கழித்ததைவிடக் குறையாது. கோளத்துக்கு வளைவு 1, ஹைப்பர்போலிக் தளத்துக்கு மைனஸ் 1. அரைக்கோளத்தில் சரிபாருங்கள், சமமாக வரும்.

இந்த ஸ்டேபிலிட்டி பற்றிய கட்டுரைகளில் பார்போசா, டூ கார்மோ இருவரும் எழுதிய 1984 கட்டுரை முதலில். எஷன்பர்க்கும் சேர்ந்து வளைந்த வெளிகளுக்கு எழுதிய 1988 கட்டுரையில் நேராக இறங்கினால் தலை சுற்றும்; நான் அப்படித்தான் ஒரு மாதத்தை வீணடித்தேன்.

மறுமுறை வைவாவில் கேட்டது வேறு. பக்கம் 1 உள்ள தட்டை டோரஸில் (எதிரெதிர் பக்கங்களை ஒட்டிய சதுரம்) 0.4 பரப்பை அடைக்கக் குறைந்த சுற்றளவு எது? வட்டம் என்று வாய்வரை வந்துவிட்டது. வட்டத்துக்குச் சுமார் 2.24 ஆகும். குறுக்கே ஒரு பட்டை போட்டால், நீளம் 1 உள்ள இரண்டு கோடுகள் மட்டுமே எல்லை என்பதால், 2தான்.