கோப்பையில் தொடங்கிய பயிற்சி

கோத்தகிரிப் பக்கத்தில், சிறு விவசாயிகளிடம் பசுந்தேயிலை வாங்கித் தூளாக்கும் தொழிற்சாலை ஒன்றில் தூள் தயாரிப்பைக் கவனிக்கும் உதவி டீமேக்கராக வேலை பார்க்கிறேன். வேதியியலில் பட்டம் பெற்றவன்தான் என்றாலும், இந்த வேலைக்கு வேண்டியவற்றில் பெரும்பகுதியை இயந்திரங்களுக்கு நடுவில் நின்றுதான் கற்றுக்கொண்டேன். புதிதாக வருபவரை இலை இறங்கும் இடத்தில் நிறுத்தி, வாடல், அரைவை, நொதித்தல், உலர்த்தல் என்று வரிசையாக நகர்த்துவதே நான் அறிந்த வழக்கம். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த மூத்த டீமேக்கரோ அந்த வரிசையை அப்படியே தலைகீழாக்கி, முதலில் சுவை பார்க்கும் மேசையில் உட்காரவைத்தார். “கடைசியில என்ன வரணும்னு நாக்குக்குத் தெரியாம மெஷினைத் தொட்டு என்ன பண்ணப் போறே, தம்பி?” என்பது அவர் சொன்ன காரணம்.

100 மில்லி கொதிநீருக்கு 2 கிராம் தூள், 6 நிமிடம் மூடிவைத்து வடிப்பது என்பதே சுவை பார்ப்பதற்கான பொது அளவு. 1980-இல் இது ஐ.எஸ்.ஓ. 3103 என்ற தரநிலையாகவும் வந்துவிட்டது. தொடக்கத்தில் எல்லாக் கோப்பையும் எனக்கு வெறும் தேநீராகத்தான் இருந்தது. ஒரே நாளின் வெவ்வேறு அரைவைகளை அருகருகே வைத்து மாறி மாறி உறிஞ்சிய பிறகே, நொதித்தல் போதாத தேநீரின் பச்சை வாடையும், அளவு மீறி நொதித்ததன் சப்பென்ற சுவையும், டிரையரில் அதிகம் காய்ந்ததன் தீய்ந்த மணமும் பிரிந்து தெரியத் தொடங்கின. வடித்தபின் எஞ்சும் சக்கை புதிய செப்புக் காசின் நிறத்தில் இருக்கிறதா என்று பார்க்கவும் அங்கேதான் பழகினேன். குன்னூர் ஏலத்துக்குப் போகும் தூளையும் வாங்குவோர் இப்படித்தான் மாதிரி எடுத்துச் சுவைத்து விலை வைக்கிறார்கள்; ஆகவே அந்த மேசையில் தப்பும் குறை எதுவும் பிற்பாடு பணமாகத்தான் கழியும்.

அடுத்தது டிரையர். வெளியே வரும் தூளில் ஈரம் 3 சதவீத அளவில் நிற்க வேண்டும். அதைக் காட்ட மீட்டர் இருப்பதால் இந்தப் பகுதி விரைவில் பிடிபட்டுவிடும்.

நொதித்தலுக்கு அப்படியொரு மீட்டர் கிடையாது. அரைபட்ட இலையிலுள்ள பாலிஃபீனால்கள் நொதியின் துணையோடு காற்றின் ஆக்சிஜனுடன் வினைபுரிந்து, பச்சை நிறம் செம்மையாக மாறுகிறது என்று பாடத்தில் படித்திருந்தேன். ஆனால் இன்றைய குளிரில், இன்றைய இலைக்கு, அது ஒரு மணி நேரமா ஒன்றரை மணி நேரமா என்பதைப் பாடம் சொல்லாது. அதற்கு அவர் வைத்த பயிற்சி எளிமையானது: ஒரே அரைவையைப் பகுதி பகுதியாக வெவ்வேறு நேரத்தில் டிரையருக்கு அனுப்பி, ஒவ்வொன்றிலும் மாதிரி எடுத்துவைக்க வேண்டும்; அனுப்புவதற்கு முன் ஒரு கைப்பிடி அள்ளி முகர்ந்து, என்ன வாசனை என்று எழுதிவைக்க வேண்டும்; பிறகு எழுதியதையும் கோப்பையையும் ஒப்பிட வேண்டும். புல் வாடை மெல்லப் போய், பழம் கனிந்தது போன்ற மணம் ஏறி, உச்சம் தொட்டுப் பிறகு மங்கும். டிரையருக்குள் போன பின்னும் சற்று நேரம் வினை தொடர்வதால், உச்சத்துக்குக் கொஞ்சம் முன்பே அனுப்பிவிட வேண்டும் என்பது இப்படி ஒப்பிட்டுப் பார்த்ததில்தான் மனத்தில் நின்றது.

இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டும் சி.டி.சி. அரைவை இயந்திரத்தில் மட்டும் ‘கையால் பழகு’ என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒன்று மற்றதைவிட ஏறத்தாழ 10 மடங்கு வேகத்தில், எதிர்த்திசையில் சுழலும் பல்வெட்டிய இரண்டு உருளைகள் அவை. ஓடும்போது அருகே கை போகக் கூடாது என்பதே அங்கு முதல் பாடம். உருளைகளுக்கிடையே இடைவெளி குறைந்து இலை சூடாகிறதா என்பதை, வெளியே வந்து கன்வேயரில் நகரும் அரைவையைத் தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். பல் மழுங்கினால் தூள் உருளாமல் தட்டையாக வருவதும் நாரின் அளவு கூடுவதும் கண்ணுக்கே தெரியும்.

எனக்குக் கடைசியாகக் கிடைத்த வாடல் தொட்டிதான் எல்லாவற்றிலும் கடினம். பறித்த இலையில் முக்கால் பங்குக்கு மேல் ஈரம். இரவெல்லாம் அடியிலிருந்து காற்று செலுத்தி, சி.டி.சி.க்கு ஏற்றபடி அதை 70 சதவீதத்தை ஒட்டிக் கொண்டுவர வேண்டும். ஒரு பிடி இலையை உருண்டையாக அழுத்திவிட்டால், பதமானது சட்டென்று விரியாது; காம்பும் ஒடியாமல் வளையும். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழையில் நனைந்து வரும் இலையும், சனவரியில் உறைபனிக் காலத்து வறண்ட காற்றில் வாடும் இலையும் ஒரே கைக்கு முற்றிலும் வேறு வேறாகத் தெரியும். எடைபோட்ட இலையை வலைப்பையில் கட்டி அதே தொட்டியில் போட்டுவைத்து, கையால் பிடித்துப் பார்த்து ஈரம் இத்தனை சதவீதம் என்று முதலில் எழுதிய பின்பே பையை எடுத்துத் தராசில் வைக்க வேண்டும் என்பது அவர் விதி. தராசைப் பார்த்துவிட்டு இலையைத் தொட்டால் கை எதையும் கற்காது என்பார். அது உண்மை என்றே நினைக்கிறேன். பல ஆண்டுகள் அதே தொட்டியில் இலையைக் கிளறியும், தம் கணிப்பை ஒருநாளும் சரிபார்க்காததால் பதம் பிடிபடாமலே போனவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்கள் வாட்டிய இலையின் தேநீரை யாரும் அவர்களுக்குக் காட்டியதே இல்லை.

இப்போது பாலிடெக்னிக் முடித்த பையன் ஒருவன் எங்களிடம் வந்திருக்கிறான். சுவை பார்க்கும் மேசை அவனுக்குச் சலிப்பாக இருக்கிறது, சி.டி.சி. பக்கம் எப்போது விடுவீர்கள் என்று தினமும் கேட்கிறான். முந்தைய நாள் மாதிரிகளில் பச்சை வாடை அடிக்கும் கோப்பையை யாரும் சொல்லாமல் அவனே தள்ளிவைக்கும் வரை மேசையை விட்டு எழ வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். வாடல் தொட்டிக்கு அவனைச் சனவரியில் அனுப்புவதாக உத்தேசம். ஏறத்தாழ நாலரை கிலோ பச்சை இலை ஒரு கிலோ தூளாகும் தொழிலில், இலை வரத்துக் குறைந்திருக்கும் அந்த மாதங்களில்தான் அவசரமில்லாமல் தொட்டுப் பார்க்கவும், எழுதவும், நிறுத்துப் பார்க்கவும் நேரம் கிடைக்கும்.