அடிக்கடி பிசகும் கணுக்கால்: பயிற்சியில் எது எப்போது

ஒருமுறை சுளுக்கிய கணுக்கால், மேடுபள்ளத்தில் திரும்பத் திரும்ப மடங்கினால் ஜவ்வின் தளர்வை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. பாதம் சாய்வதை நரம்புகள் தாமதமாக உணர்கின்றன. முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் இருக்கும் பெரோனியல் தசைகள் இழுத்துப் பிடிப்பதற்குள் கால் மடங்கிவிடுகிறது. இங்கிலாந்தின் எலும்பு மருத்துவர் ஃப்ரீமன் 1965-லேயே இந்த உணர்விழப்பைச் சுட்டிக்காட்டி, ஆடும் பலகையில் நின்று பழகச் சொன்னார். ஆனாலும் பலர் உடற்பயிற்சிக்கான ரப்பர் பட்டையை (பேண்ட்) இழுப்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அது போதவே போதாது.

முதலில் இறுக்கத்தைப் பாருங்கள். குதிகால் தரையை விட்டு எழாமல் முழங்காலால் சுவரைத் தொட்டு, கட்டைவிரல் சுவரிலிருந்து எவ்வளவு தள்ளிப் போக முடிகிறது என்று இரண்டு காலிலும் அளக்க வேண்டும். பிசகிய கால் 2 செ.மீ.க்கு மேல் குறைந்தால், கெண்டைக்கால் நீட்டல் தினமும் 30 விநாடி, 3 முறை.

பேண்டை மேசைக்காலில் கட்டிப் பாதத்தை வெளிப்பக்கம் தள்ளுவது 10 தடவை, 3 சுற்று. திரும்பும்போது 3 விநாடி எடுத்து மெதுவாக விடுங்கள். முழங்கால் சேர்ந்து திரும்பினால் வேலை செய்வது இடுப்புதான், கணுக்கால் அல்ல. குதிகாலை உயர்த்தும் பயிற்சியில் பாரம் கட்டைவிரலின் அடியில் நிற்கட்டும். சுண்டுவிரல் பக்கம் சரிவது பிசகும் அதே நிலை.

பயிற்சியின் உயிர் ஒற்றைக்காலில் நிற்பதில் இருக்கிறது. வெறுங்காலோடு, கைக்கெட்டும் தூரத்தில் சுவர் இருக்க, 30 விநாடி, 3 முறை. விரல்கள் தரையைக் கவ்வக் கூடாது. குதிகால், கட்டைவிரல் அடி, சுண்டுவிரல் அடி மூன்றும் பதிந்திருக்க வேண்டும். ஆடாமல் நின்றபின் கண்ணை மூடுங்கள். அதுவும் கைவந்தால் தலையணை மேல். தலையணையிலிருந்தே ஆரம்பிப்பவர்கள்தான் மறுபடி பிசக்கிக்கொள்கிறார்கள்.

அடுத்து, ஒற்றைக்காலில் நின்றபடி மறுகாலை முன்னும், பின்பக்கம் இரு மூலைகளுக்கும் எட்டிவைப்பது. முன்னெட்டலில் இரு கால்களுக்கும் 4 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் குதிப்பதைத் தள்ளிப்போடுங்கள். குதிக்கும்போது முழங்காலை மடக்கி இறங்கி, 3 விநாடி அசையாமல் நிற்க வேண்டும். பக்கவாட்டில் குதிப்பது கடைசியில்.

வாரம் 3 நாள், குறைந்தது 8 வாரம். மூன்றாம் வாரம் வலி போனதும் விட்டுவிடுவதுதான் பெரும்பாலும் நடக்கும் தவறு. வலி போவது ஒன்று, உணர்வு திரும்புவது வேறு. மறுநாள் காலை வீங்கினால் ஒரு படி இறங்குங்கள். மூட்டு பூட்டிக்கொண்டாலோ, உள்ளே ஆழமாக வலித்தாலோ, வெளிக்கணுவுக்குப் பின்னால் தசைநாண் ‘டக்’கென்று நழுவினாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.